மூடியைத் திறந்து பாருங்கள்: ஏரோபோனிக்ஸ் கேள்வி – பதில்

மண்ணும் வேண்டாம், தொட்டி நிறையத் தண்ணீரும் வேண்டாம், வேரைக் காற்றில் தொங்கவிட்டுச் சத்துநீரைத் தெளித்தே காய்கறி வளர்க்கலாம் என்று இந்தப் பகுதியில் ஒருமுறை எழுதியிருந்தேன். அதன்பிறகு வேறு எதைப் பற்றியும் யாரும் கேட்பதாக இல்லை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கிப் பதில் சொல்கிறேன். “எந்தக் கம்பெனி கருவி வாங்கலாம்?” என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், பெயர் சொல்வதாக இல்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மட்டும் கீழே இருக்கிறது.

கேள்வி: வேர் காற்றில் தொங்கினால் காய்ந்துபோகாதா, அக்கா? அதற்குத் தண்ணீரிலேயே நிற்க வைத்துவிடலாமே?

காயும். அதனால்தான் வேர் இருக்கும் பெட்டியை எப்போதும் மூடி வைக்கிறோம், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நனைக்கிறோம். இரண்டில் ஒன்று தவறினாலும் செடி போய்விடும்.

தண்ணீரில் நிற்க வைப்பது ஹைட்ரோபோனிக்ஸ். அதுவும் நல்ல முறைதான். ஆனால் வேரும் மூச்சு விடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 9 மில்லிகிராம். தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடேறினால் அது ஏழரையாகக் குறைந்துவிடும். அதே ஒரு லிட்டர் காற்றில் சுமார் 280 மில்லிகிராம் இருக்கிறது. தண்ணீரில் வளர்ப்பவர்கள் மீன் தொட்டிக்குப் போடுவது போலக் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான். வேரைக் காற்றிலேயே வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை, நனைக்கிற கவலை மட்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. வேரில் வரும் நோயைத் தோண்டாமல் பார்க்க வேண்டும் என்று 1940களிலேயே ஆய்வாளர்கள் செடியை இப்படித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தாவர ஹார்மோன் ஆய்வுக்காக அறியப்பட்ட ஃபிரிட்ஸ் வென்ட், காப்பிச் செடியையும் தக்காளியையும் இப்படி வளர்த்துப் பார்த்து, 1957இல் இதற்கு ‘ஏரோபோனிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். ஆக, முதலில் இது வேரைப் பார்ப்பதற்கான ஏற்பாடு. அறுவடை அப்புறம் வந்தது. நானும் அதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். தினமும் ஒருதரம் மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். இலையில் அறிகுறி தெரிவதற்கு முன்னாலேயே வேரில் தெரிந்துவிடும்.

கேள்வி: கோபுரம் மாதிரி ஒன்று, பனிமூட்டம் வருகிற மாதிரி ஒன்று, பெரிய பம்ப் வைத்த பெட்டி ஒன்று. மூன்றையும் ஏரோபோனிக்ஸ் என்றே விற்கிறார்கள். எது நிஜம்?

மூன்றுக்கும் வேறுபாடு துளியின் அளவில் இருக்கிறது.

கோபுரத்தில் அடியில் ஒரு சாதாரண நீர்மூழ்கி பம்ப். அது கரைசலை உச்சிக்கு ஏற்றும், அங்கிருந்து உள்பக்கமாக வேர்கள் மேல் கொட்டிக்கொண்டே இறங்கும். கறாராகப் பார்த்தால் இதைத் தெளிப்பு என்பதைவிடச் சொட்டு என்பதே சரி. துளி பெரியது, அழுத்தம் மிகக் குறைவு. ஆனால் அடைப்பு குறைவு, பழுது குறைவு, பம்ப் போனால் எளிதில் மாற்றிவிடலாம். பெரிய துளி வேரில் தங்கி நிற்பதால், பம்ப் கொஞ்ச நேரம் நின்றாலும் உடனே ஆபத்தில்லை.

பனிமூட்டக் கருவியில் அதிர்கிற ஒரு சிறு வட்டத் தகடு இருக்கும், ஆவி பிடிக்கும் கருவி போலப் புகையாக வரும். பார்க்க மிக அழகு. துளி ஐந்து மைக்ரானுக்கும் கீழே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவ்வளவு நுண்ணிய துளி காற்றோடு மிதந்து போகுமே தவிர, வேரில் ஒட்டி நனைப்பது குறைவு. வேர் கனத்து அடர்ந்துவிட்டால் நடுவே போகவும் செய்யாது. தகடு இயங்க இயங்கத் தண்ணீர் சூடேறும், உரத்தின் உப்பு தகட்டில் படியும், கொஞ்ச நாளில் புகை மெலியும். தண்டு வேர் விடுவதற்கும் நாற்றுக்கும் பரவாயில்லை. காய்க்கிற செடியை இதை நம்பி வைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் புத்தகங்கள் சொல்கிற ஏரோபோனிக்ஸ். அழுத்தம் ஐந்தரை முதல் ஏழு பார் வரை. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. நாசில் என்கிற நுண்துளைத் தெளிப்பு முனை வழியாக வரும்போது துளி சுமார் 50 மைக்ரான் அளவில் உடைகிறது. சில விநாடி தெளிப்பு, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வு, திரும்பச் சில விநாடி. இப்படி வளர்ந்த வேரைப் பார்த்தால் தெரியும்: வேர்முடி பஞ்சு மாதிரி சுற்றிலும் வெள்ளையாகப் புசுபுசுவென்று நிற்கும். தண்ணீரில் வளர்ந்த வேர் மழமழவென்று நூல் போல இருக்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டியது மூன்று. பம்ப் எத்தனை பார் தருகிறது? நாசிலைக் கையாலேயே கழற்ற முடியுமா? விநாடிக் கணக்கில் வைக்கிற டைமர் இருக்கிறதா? குறைந்தபட்சம் ஒரு நிமிடம், பதினைந்து நிமிடம் என்று மட்டுமே வைக்க முடிகிற டைமர் உயர் அழுத்தக் கருவிக்கு உதவாது. விநாடிகளில் முடிய வேண்டிய தெளிப்பு நிமிடக் கணக்கில் ஓடினால் வேர் சொதசொதவென்று ஆகிவிடும். மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் யோசித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

முதல்முறை ஆரம்பிக்கிறவருக்கு என் ஓட்டு கோபுரத்துக்கே. வேடிக்கை குறைவுதான், ஆனால் செடி மிஞ்சும்.

கேள்வி: கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

வெயிலையும் செடியின் வயதையும் பொறுத்தது. குளிர்ந்த இரவில், இளம் கீரை, மூடி இறுக்கமாக இருக்கிறது என்றால் சில மணி நேரம் தள்ளும். கொளுத்துகிற மதியத்தில், காய் பிடித்த தக்காளி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் தலை சாய்ந்துவிடும். வேர்முடிதான் முதலில் சாகிறது. திரும்பத் தண்ணீர் பட்டதும் இலை நிமிரும், ஆனால் கருகிய வேர்முடி திரும்ப வராது. புது வேர் விட்டுத்தான் செடி தேற வேண்டும். அதனால் ‘நிமிர்ந்துவிட்டதே’ என்று நிம்மதி அடையாமல் இரண்டு மூன்று நாள் கரைசலின் செறிவைக் குறைத்துக் கொடுங்கள்.

உயர் அழுத்தக் கருவியில் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. பம்புக்கும் நாசிலுக்கும் நடுவில் ஓர் அழுத்தத் தொட்டி வைப்பது. உள்ளே ரப்பர் பை, பைக்கு வெளியே காற்று. பம்ப் அதில் கரைசலை அழுத்தி நிரப்பிவிட்டு நின்றுவிடும். அப்புறம் 12 வோல்ட் மின்காந்த வால்வு ஒன்று திறந்து மூடினாலே தெளிப்பு நடக்கும். வால்வுக்கும் டைமருக்கும் ஒரு சின்ன பேட்டரி போதும். கரண்ட் இல்லாமலேயே தொட்டியில் இருக்கிற அழுத்தம் பல சுற்றுக்கு வரும். பம்ப் அடிக்கடி ஓடாததால் வீட்டில் சத்தமும் குறையும். “படுக்கை அறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், தூக்கம் போகிறது” என்று எழுதிய வாசகிக்கும் இதுவே பதில். கூடவே பம்புக்கு அடியில் ஒரு தடித்த ரப்பர் துண்டு வையுங்கள்.

கோபுரக்காரர்கள் யு.பி.எஸ். வைத்துக்கொள்ளலாம். அந்த பம்ப் குடிக்கிற மின்சாரம் மிகக் குறைவு.

கேள்வி: ‘90 சதவீதம் தண்ணீர் மிச்சம், மூன்று மடங்கு வேகம், பூச்சிமருந்தே வேண்டாம்’ என்று விளம்பரம். நம்பலாமா சார்?

(சார் இல்லை, அக்கா. பரவாயில்லை.)

தண்ணீர் மிச்சம் என்பது நிஜம். வேரில் படாமல் வடிகிற கரைசல் திரும்பத் தொட்டிக்கே வருகிறது, மண்ணில் இறங்கி வீணாவதில்லை, மேற்பரப்பிலிருந்து ஆவியாகப் போவதும் இல்லை. செடி இலை வழியாக வெளிவிடுகிற நீர் மட்டுமே செலவு. ஆனால் அது எந்த முறையிலும் குறையாது. பெரிய தக்காளிச் செடி வெயில் நாளில் இரண்டு மூன்று லிட்டர் குடித்துவிடும். ‘தண்ணீரே வேண்டாம்’ என்கிற தொனியில் எழுதியிருந்தால் அது விளம்பரம்.

வேகம் பயிரைப் பொறுத்தது. நாற்றிலிருந்து கீரை பறிக்கிற வரை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே மடங்குக் கணக்குச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வெளிச்சம் குறைவாக இருந்தால் எந்த வேருக்கும் வேகம் வராது.

பூச்சிமருந்து விஷயம் பாதி நிஜம். மண்ணிலிருந்து வருகிற நோயும் வேர்ப்புழுவும் பெரும்பாலும் இருக்காது. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் சிலந்திப் பேனுக்கும் மண் தேவையில்லை, இலை போதும். ஜன்னல் வழியாகவோ கடையில் வாங்கிய நாற்றோடோ வந்துவிடும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் இங்கேயும் வேண்டும்.

கேள்வி: எதையெல்லாம் வளர்க்கலாம்? தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, கேரட், எலுமிச்சை என்று எனக்குப் பெரிய பட்டியலே இருக்கிறது.

பட்டியலைக் கொஞ்சம் கிழிக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேரட்டை முதலில் எடுத்துவிடுங்கள். நாம் தின்கிற பாகமே வேர். மண் அணைத்துப் பிடிக்காமல் அது நேராக, பருமனாக வருவதில்லை. முள்ளங்கி, பீட்ரூட் கதையும் கிட்டத்தட்ட அதே.

ஆனால் உருளைக்கிழங்கு வரும்! அது வேர் இல்லை, தண்டின் நுனி பருத்தது. பெருவின் லிமாவில் தலைமையகம் வைத்திருக்கிற சர்வதேச உருளைக்கிழங்கு மையம், நோயில்லாத விதைக்கிழங்கு உண்டாக்க இந்த முறையைப் பல ஆண்டுகளாகப் பரப்பிவருகிறது. இருட்டுப் பெட்டிக்குள் கொடி கொடியாகத் தண்டு இறங்கி நுனியில் கோலிக்குண்டு போலக் கிழங்கு தொங்கும். பருத்ததை மட்டும் பறித்துக்கொண்டு மூடினால் மற்றவை வளர்ந்துகொண்டே இருக்கும். மண்ணில் தோண்டினால் செடியே போய்விடுமே, இங்கே பல தடவை பறிக்கலாம். ஒருநாள் சமையலுக்கான அளவில் எதிர்பார்க்காதீர்கள். விதைக்கும் வேடிக்கைக்கும் மட்டும்.

லெட்டூஸ், கீரை வகைகள், பேசில், புதினா – இவற்றில் தொடங்குங்கள். வேர் கச்சிதம், எடை குறைவு, ஒரு மாதம் முன்பின்னாக அறுவடை. புதினாவை மட்டும் தனிப் பெட்டியில் வையுங்கள். அதன் வேர் பக்கத்துச் செடியின் வேருக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும், நாசிலையும் மறைத்துவிடும்.

ஸ்ட்ராபெர்ரி இந்த முறைக்கென்றே பிறந்தது என்பேன். பழம் மண்ணில் படாமல் தொங்குவதால் அழுகல் குறைவு. ஒரே ஒரு நிபந்தனை: வேரும் இலையும் சேருகிற கழுத்துப் பகுதி ஓட்டைக்கு மேலே உலர்ந்திருக்க வேண்டும். கழுத்து எப்போதும் நனைந்தால் செடி நடுவிலிருந்து அழுகும்.

தக்காளி, மிளகாய், வெள்ளரி வரும், நன்றாகவே வரும். ஆனால் வேர் ஒரு வாளி நிறையப் பெருகும், பெட்டி ஆழமாக வேண்டும், தண்டை மேலிருந்து கயிறு கட்டித் தாங்க வேண்டும். காய் பிடித்த செடி முழு எடையையும் அதைத் தாங்குகிற சின்ன வலைக்கிண்ணத்தில் (நெட் கப்) போட்டு நிற்காது. குட்டை ரகமாகப் பார்த்து எடுங்கள்.

எலுமிச்சையை விடுங்கள். மரமாகும் செடிக்குப் பெட்டிக்குள் வாழ்நாள் கிடையாது. அதை வெட்டுத்தண்டிலிருந்து வேர்விட வைக்க இந்தப் பெட்டியைப் பயன்படுத்தலாம், அப்புறம் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாகத் தருகிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்தேன், அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிட்டது. கலப்படமா?

கலப்படம் இல்லை, வேதியியல். ஒரு பாட்டிலில் கால்சியம் நைட்ரேட் இருக்கிறது. இன்னொன்றில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். செறிவாக இருக்கும்போது இவை சந்தித்தால் கால்சியம் சல்பேட்டும் கால்சியம் பாஸ்பேட்டும் உண்டாகித் தூளாக இறங்கிவிடும். கால்சியம் சல்பேட் வேறொன்றும் இல்லை, ஜிப்சம்தான். படிந்தது இனி கரையாது; செடிக்குப் போக வேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் அடியில் கிடக்கின்றன. அப்படியே ஊற்றினால் நாசிலும் அடைக்கும். கொட்டிவிடுங்கள்.

சரியான வரிசை இது. தொட்டியில் முதலில் முழுத் தண்ணீரையும் நிரப்புங்கள். ஏ ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். அப்புறம் பி ஊற்றிக் கலக்குங்கள். கால் மணி நேரம் கழித்து ஈ.சி. அளவு பாருங்கள். பி.எச். (அமில, கார அளவு) சரிசெய்வது கடைசியில். ஒரே அளவுக் குப்பியில் இரண்டையும் அளக்கிறீர்களா? நடுவில் கழுவுங்கள்.

ஈ.சி. என்பது கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்கிற அளவு. லெட்டூஸுக்கு 0.8 முதல் 1.2 (மில்லிசீமென்ஸ்/செ.மீ. கணக்கில்), தக்காளிக்கு 2க்கு மேல் மூன்று வரை. நாற்றுக்கு இதில் பாதி. துளி காற்றில் நிற்கும்போது கொஞ்சம் ஆவியாகி வேரின் மேல் செறிவு கூடும் என்பதால், பாட்டிலில் போட்டிருக்கிற அளவைவிடக் குறைத்தே நான் தொடங்குவேன். இலை வெளிறினால் ஏற்றிக்கொள்ளலாம்.

ஈ.சி. மீட்டர் காட்டுகிற எண்ணை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு நாள் கழித்து ஈ.சி. ஏறியிருக்கிறது என்றால் செடி உரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்திருக்கிறது. கரைசல் கெட்டி, வெறும் தண்ணீர் சேருங்கள். இறங்கியிருந்தால் செடிக்குப் பசி. அசையாமல் நின்று மட்டம் மட்டும் குறைந்தால் நீங்கள் கொடுப்பது சரியான அளவு. எப்படி இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுக் கரைசலையும் மாற்றிவிடுங்கள். செடி ஒரு சத்தை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் எடுக்கும், மீட்டர் அந்த ஏற்றத்தாழ்வைக் காட்டாது; மொத்தத்தைத்தான் காட்டும். பழைய கரைசலைப் பூந்தொட்டிகளுக்கு ஊற்றலாம்.

கேள்வி: ரசாயன உரம் எனக்குப் பிடிக்காது. மண்புழு உரக் கரைசல் விடலாமா? யூரியா மட்டுமாவது?

மண்புழு உரக் கரைசல் இந்தக் கருவிக்கு ஆகாது. என்னதான் துணியில் வடிகட்டினாலும் அதில் நுண்துகள் இருக்கும்; நாசிலின் துளை அரை மில்லிமீட்டர் அளவே. துகள் இல்லாவிட்டாலும் அதிலிருக்கிற கரிமப் பொருளில் நுண்ணுயிர்கள் பெருகிக் குழாய் உள்பக்கம் வழவழவென்று படலம் கட்டும், இரண்டு நாளில் நாறும். மண்ணில் அந்த நுண்ணுயிர்கள் நண்பர்கள். இங்கே அவற்றுக்கு இடமில்லை.

யூரியாவும் அப்படித்தான். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை அமோனியமாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றித் தருகின்றன. பெட்டிக்குள் மாற்றிக்கொடுக்க ஆளில்லை. நேரடியாக நைட்ரேட் உள்ள உரமே வேண்டும். இயற்கை உரத்தில்தான் வளர்ப்பேன் என்றால் மண் தொட்டியே உங்களுக்கு நல்லது. சமாதானத்துக்குச் சொல்லவில்லை, நானும் கறிவேப்பிலையை மண்ணில்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: தினமும் பி.எச். ஏறிக்கொண்டே போகிறது. அமிலம் ஊற்றி ஊற்றிச் சலித்துவிட்டது.

இரண்டு காரணம் உண்டு. செடி நைட்ரேட்டை உள்ளே எடுக்கும்போது அதற்கு ஈடாகக் காரத்தன்மையை வெளியே விடுகிறது. நன்றாகச் சாப்பிடுகிற செடிக்கு பி.எச். மெல்ல ஏறுவது இயல்பு. 5.5க்கும் 6.5க்கும் நடுவில் உலவினால் தொடவே வேண்டாம். தினமும் 5.8இல் நிறுத்தியே தீர்வேன் என்று அடம்பிடிப்பவர்கள்தான் செடியைப் படுத்துகிறார்கள்.

ஒரே நாளில் 7ஐத் தாண்டுகிறது என்றால் உங்கள் தண்ணீர் கடினநீர். அதிலிருக்கிற பைகார்பனேட் நீங்கள் ஊற்றுகிற அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். உரம் கலக்காத வெறும் தண்ணீரின் ஈ.சி.யை ஒருமுறை பாருங்கள். 0.5க்கு மேல் இருந்தால் மழைநீரையோ வடிகட்டிய நீரையோ பாதிக்குப் பாதி கலப்பது அமிலத்தைவிடச் சிக்கனம். பி.எச். ஏறிய கரைசலில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது. புதுத் தளிர் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருப்பது அதன் அடையாளம்.

எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம் எல்லாம் ஒரு நாள் கூத்து. நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும், பி.எச். பழையபடி ஏறும். பாஸ்பாரிக் அமிலம் நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

கேள்வி: வேர் பழுப்பாகிவிட்டது. அழுகலா, உரக்கறையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். ஒரு வேரின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். கறை மட்டும் என்றால் வேர் நார் போல உறுதியாக இருக்கும், கழுவினால் நிறம் கொஞ்சம் போகும், பச்சைக் காயை நறுக்கிய மாதிரி வாசம் வரும். அழுகல் என்றால் மேல்தோல் உறை போலக் கழன்று விரலோடு வந்துவிடும், நடுவில் மெல்லிய நரம்பு மட்டும் தொங்கும். வழவழப்பும் தேங்கிய தண்ணீரின் நாற்றமும் கூடவே இருக்கும். இது பெரும்பாலும் பித்தியம் என்கிற பூஞ்சை போன்ற கிருமியின் வேலை. மதியத்தில் செடி வாடி மாலையில் தெளிந்தால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தெளிப்பைக் கூட்டாதீர்கள், முதலில் மூடியைத் திறங்கள்.

கிருமி எங்கும் இருக்கிறது. அதற்கு வாய்ப்புக் கொடுப்பது சூடு. கரைசலை 18 முதல் 22 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள். 25ஐத் தாண்டினால் தினமும் கவனிக்க வேண்டும். தொட்டியைத் தரைமட்டத்தில் நிழலில் வைப்பது, வெளிப்பக்கம் வெள்ளை அடிப்பது, உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலை மூடியோடு கரைசலில் மிதக்கவிடுவது எல்லாம் உதவும். இரண்டாவது எதிரி வெளிச்சம். உள்ளே துளி வெளிச்சம் புகுந்தாலும் பாசி வரும், பாசி செத்தால் அழுகல் வரும். காலியாக இருக்கிற ஓட்டைகளை அடைத்துவையுங்கள். அறையை இருட்டாக்கி, பெட்டிக்குள் டார்ச் அடித்து வெளியே எங்கே கசிகிறது என்று பார்த்தால் ஓட்டை எல்லாம் அகப்படும்.

வந்துவிட்டால்? அழுகிய வேரைக் கத்தரித்து, கரைசலைக் கொட்டி, தொட்டியையும் குழாயையும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடால் கழுவி, பாதிச் செறிவில் புதுக் கரைசலோடு தொடங்குங்கள். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் அந்தச் செடியை எடுத்துவிடுவதே மற்றச் செடிகளுக்குச் செய்கிற உதவி. எல்லாவற்றுக்கும் ஒரே கரைசல் சுற்றுகிறது அல்லவா.

கேள்வி: பூ நிறையப் பூக்கிறது, காய் பிடிக்கவே இல்லை.

வீட்டுக்குள் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. தக்காளிப் பூவின் மகரந்தம் ஒரு கூம்புக்குள் அடைந்திருக்கிறது, அதிர்ந்தால்தான் உதிரும். மின்சாரப் பல் துலக்கியின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் ஒரு விநாடி வைத்து எடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். 32 டிகிரிக்கு மேல் மகரந்தமே தடுமாறும். ஸ்ட்ராபெர்ரிக்கு மெல்லிய தூரிகையால் பூவின் நடுவே வட்டமாகத் தடவுங்கள். தடவாமல் விட்ட பக்கம் பழம் சப்பையாக, கோணலாக வரும். வெள்ளரியில் மகரந்தமே வேண்டாத ரகங்கள் இருக்கின்றன, விதை வாங்கும்போதே கேளுங்கள்.

கேள்வி: தக்காளியின் அடியில் கறுப்பாகக் குழி. கால்சியம் கூட்டியும் போகவில்லை.

தொட்டியில் கால்சியம் இருந்தும் காய்க்குப் போய்ச் சேரவில்லை. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே நகரும். அதிகம் ஆவி விடுகிற இலைக்குத்தான் முதலில் போகும், காய்க்கு மிச்சம். தெளிப்பு இடைவெளி சீராக இருக்கிறதா, ஈ.சி. மிக அதிகமா என்று பாருங்கள். லெட்டூஸின் உள்இலை ஓரம் கருகுவதும் இதே கதை, அதற்குச் சின்ன மின்விசிறி ஒன்று போதும்.

கேள்வி: ஊதா விளக்குத்தான் வேண்டுமாமே?

வேண்டாம். நல்ல வெள்ளை எல்.இ.டி. போதும், கண்ணுக்கும் அதுவே நல்லது. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளா பச்சையா என்றே தெரியாது. கீரைக்கு 14 முதல் 16 மணி நேரம். தக்காளிக்கு இன்னும் வலுவான வெளிச்சம் வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் எரியவிட்டால் தக்காளி இலை வெளுத்துக் கெட்டுப்போகும்.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். விண்வெளியில் இப்படித்தான் செடி வளர்ப்பார்களா ஆன்ட்டி?

முயற்சி செய்கிறார்கள், கண்ணா. 2022இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ‘எக்ஸ்-ரூட்ஸ்’ என்று ஒரு கருவியை அனுப்பி, மண்ணில்லாமல் ஹைட்ரோபோனிக்ஸ், ஏரோபோனிக்ஸ் இரண்டு முறைகளையும் சோதித்தார்கள். அங்கே உள்ள சங்கடம் என்ன தெரியுமா? எடையில்லாத இடத்தில் தண்ணீர் கீழே வடியாது. வேரில் பட்ட துளி அப்படியே உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், அடுத்த துளி அதன் மேல் ஒட்டும், கடைசியில் வேர் நீருக்குள் மூச்சு முட்டும். நம் வீட்டில் மிச்சக் கரைசல் தானாகத் தொட்டிக்கு வடிந்துவிடுகிறது. அங்கே அதையும் யோசித்துச் செய்ய வேண்டும். நீ ஒரு வெளிப்படையான பாட்டிலில் கறுப்புக் காகிதம் சுற்றி, பேசில் தண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, நுனி மட்டும் தண்ணீரில் படும்படி வை. காகிதத்தை விலக்கித் தினமும் பார். ஒரு வாரம், பத்து நாளில் வேர் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: ஒரு வாரம் வெளியூர் போக வேண்டும். என்ன செய்துவிட்டுப் போவது?

போவதற்கு இரண்டு நாள் முன்பே செய்யுங்கள், கிளம்புகிற அன்றைக்குச் செய்யாதீர்கள். ஏதாவது சொதப்பினால் கண்ணில் பட அவகாசம் வேண்டும். வடிகட்டியைக் கழுவுங்கள். நாசில்களைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, வெறும் தண்ணீரில் அலசிப் பூட்டி, ஒவ்வொன்றும் விசிறி போல விரிகிறதா என்று பாருங்கள். ஒரே கோடாகப் பீய்ச்சினால் இன்னும் அடைப்பு இருக்கிறது. தொட்டியை முழுக்க நிரப்பி, ஈ.சி.யை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். நீர் மட்டம் குறையக் குறைய அது தானாக ஏறும். முற்றிய இலைகளைப் பறித்துவிட்டால் குடிக்கிற தண்ணீரும் குறையும்.

பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்தால் ஒரே ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்: மட்டம் இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். உரப் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அன்பு மிகுந்தவர்கள் ஒரு மூடி அதிகமாகத்தான் ஊற்றுவார்கள்.